டிரைவரின் தொப்பை

தையல்காரம்மாவுக்கு வாய் கொஞ்சம் நீளம். மிஷினை மிதித்துக்கொண்டே ஊர்க்கதை பேசுவார். பேச்சு சுவாரஸ்யத்தில் சட்டைக் கை குட்டையாகிவிட்டால், "மடிச்சு விட்டுக்கோங்க, இப்ப அதான் ஸ்டைலு" என்று சமாளித்து அனுப்பிவிடுவார். வீட்டை எதிர்த்துக்கொண்டு டவுன் பஸ் டிரைவரைக் கல்யாணம் செய்துகொண்டவர். டிரைவர் நல்ல குண்டு. அவர் தொப்பை இடித்தே ஹார்ன் அடிக்கிறது என்று ஊர் கிண்டல் செய்யும். அவரும் குலுங்கக் குலுங்கச் சிரிப்பார்.

புயலன்று பயணிகளையெல்லாம் இறக்கிப் பள்ளிக்கூடத்துக்குள் அனுப்பிவிட்டுக் கடைசியாக இறங்கினார், மகராசன். அவர்மேல்தான் மரம் சாய்ந்தது.

சாய்ந்த மரங்களின் கிளைகளையும் கொடிகளையும் முடைந்து, புயலில் இறந்தவர்களின் உருவங்களை ஆளுயரத்துக்குச் செய்து ஆற்றங்கரையில் நிறுத்துவது என்று ஊர் கூடி முடிவு செய்தது. வேலைக்குத் தச்சர் தலைமை. தையல்காரம்மாவும் கை கிழியக் கிழியக் கொடி முடைந்தார். ஒருநாள் அவர் வீட்டுக்காரரின் உருவத்தை நிமிர்த்தி வைத்தார்கள். ஒல்லியாக, விறைப்பாக நின்றது.

"யாருங்க இது?" என்றார் தையல்காரம்மா.

தச்சர் தலையைச் சொறிந்தார். "போனவரைக் கேலி பண்ணின மாதிரி ஆயிடக்கூடாதேன்னு..."

"நாலு பேர் பாக்குற இடம், அண்ணி. ஊரே சிரிக்கும்" என்றார் கொழுந்தனார்.

"சிரிக்கட்டுமே தம்பி! உங்கண்ணனைப் பாத்து சிரிக்காம யாரு பஸ் ஏறினாங்க? இந்த ஒல்லிக்குச்சி யாரோ எவரோ. நான் யாருகிட்ட வந்து நின்னு பேசுவேன்?"

தச்சர் ஒதுங்கி வழிவிட்டார். தையல்காரம்மா கத்தரிக்கோலால் வயிற்றுப் பக்கத்துப் பின்னலை வெட்டிப் பிரித்து, உள்ளே கொடியைச் சுருட்டிச் சுருட்டித் திணித்தார். பாரம் தாங்காமல் டிரைவர் முன்னால் குப்புறச் சாயப்பார்த்தார். தச்சர் ஓடிவந்து முட்டுக்கொடுத்தார். முகத்தைத் தூக்கி வைத்திருந்த கொழுந்தனாரால் அதற்குமேல் பொறுக்க முடியவில்லை.

"இன்னும் கீழ இறங்கணும் அண்ணி. பெல்ட்டே தெரியாதுல்ல அண்ணனுக்கு!"

இறக்கினார்கள். "அடேயப்பா, வந்துட்டாருய்யா!" என்று யாரோ கத்த, கரை முழுக்கச் சிரிப்பு. புயலுக்குப் பிறகு ஊர் வாய்விட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான். அடுத்த நிமிடமே தச்சரை மொய்த்துக்கொண்டார்கள். எங்கப்பாவுக்குக் காது இவ்வளவு சின்னதா? எங்க அத்தை எப்ப இப்படி நேரா நின்னாங்க?

தையல்காரம்மாவுக்கு அது எதுவும் காதில் விழவில்லை. டிரைவரை அப்படியே கட்டிப்பிடித்தார். இரண்டு கைகளும் முதுகுப்பக்கம் சேரவில்லை.

"எட்டல தம்பி!" என்று அழுதுகொண்டே சிரித்தார். "எனக்கு என்னிக்குமே எட்டினதில்ல!"