மாவிளக்குக்கு ஆகாத கை

என் மகள் மூன்று வயதில் காய்ச்சலில் கிடந்தாள். ஆஸ்பத்திரியில் கைவிரித்துவிட்டார்கள். அப்போது மாரியம்மனிடம் வேண்டிக்கொண்டவள் நான்தான். பிள்ளை பிழைத்தால், ஆடி வெள்ளிக்கு என் கையால் மாவு அரைத்து மாவிளக்கு ஏற்றுகிறேன், வருஷம் தவறமாட்டேன் என்றேன். பிழைத்தாள்.

அதற்காகவே மாமியார் கும்பகோணத்தில் இரும்புக் கைமிஷின் ஒன்று வாங்கி வந்தார். மேலே அரிசியைப் போட்டுக் கைப்பிடியைச் சுற்றினால் மாவு விழும்.

"கடைத்தெரு மிஷின்ல கண்டவங்க கையும் படுது. நம்ம மிக்சியில மீன் மசாலா அரைச்சிருக்கு. சாமிக்குச் சுத்தம் வேணும்" என்றார்.

அவர் சுத்தம் பேசினார், நான் சுற்றினேன். பச்சரிசியை ஊறவைத்து நிழலில் உலர்த்த வேண்டும். ஈரம் நின்றால் மிஷின் பல்லில் அப்பிக்கொள்ளும், ரொம்பக் காய்ந்தால் மாவு பிடிபடாமல் உதிரும். சலித்து, சல்லடையில் நிற்கும் கப்பியை மறுபடி சுற்றி முடிப்பதற்குள் தோள்பட்டை கழன்றுவிடும். பெற்ற பிள்ளைக்குத்தானே என்று வலியைப் பெரிதாக எண்ணியதில்லை.

போன வருஷம் என் வீட்டுக்காரர் நெஞ்சுவலியில் போய்விட்டார். தீட்டு என்று அந்த ஆடியில் விளக்கில்லை. வருஷத் திதி முடிந்து இந்த ஆடிக்கு அரிசி ஊறவைத்தேன். மாமியார் பாத்திரத்தை என் முன்னாலிருந்து நகர்த்தினார்.

"நீ தொடாதம்மா. சின்னவ வரா, அவ அரைப்பா."

"என் வேண்டுதல் அத்தை, என் பொண்ணுக்காக வேண்டிக்கிட்டது."

"நானும் தாலியறுத்தவதான். என்னைக்காவது அந்த மிஷினைத் தொட்டிருக்கேனா?"

உண்மைதான், தொட்டதில்லை. இத்தனை வருஷமும் கைவலிக்குப் பயந்துதான் ஒதுங்குகிறார் என்று நினைத்திருந்தேன்.

கொழுந்தன் மனைவி திருத்துறைப்பூண்டியிலிருந்து வந்தாள். அரிசி உலரும்வரை பொறுமையில்லை, ஈரத்தோடு கொட்டிச் சுற்றினாள். மிஷின் இறுகி நின்றது. "அய்யோ, என்னால ஆகாதுப்பா" என்று கடைக்குப் போய்ப் பச்சரிசி மாவு பாக்கெட் வாங்கி வந்தாள். மாமியார் கத்தரிக்கோலால் அதை வெட்டினார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "இதை எவ அரைச்சாளோ? அவளுக்குப் புருஷன் இருக்கானா செத்தானான்னு கேட்டு வாங்கினீங்களா?"

"அது நமக்குத் தெரியாதில்ல. தெரிஞ்சு செஞ்சாதான் குத்தம்."

சின்னவள் பிசைந்த விளக்கு கோயிலுக்குப் போனது. மகளும் கூடப் போனாள். நான் மிஷின் பல்லில் அப்பியிருந்த மாவைக் குச்சியால் சுரண்டிக்கொண்டிருந்தேன். திரும்பி வந்து, "அம்மா, ஆ காட்டு" என்று ஒரு துண்டு மாவிளக்கை வாயில் வைத்தாள். வெல்லம் போட்டதுதான். அவள் பார்க்கிறாளே என்று விழுங்கினேன்.

மறுநாள் காலை மாமியார் ஒரு கிண்ணத்தில் கேழ்வரகு கொண்டுவந்து வைத்தார். அவருக்குச் சர்க்கரை. காலையில் கேழ்வரகு அடைதான்.

"கொஞ்சம் அரைச்சுக் குடும்மா. உன் கை மாவுதான் நைசா இருக்கும்."

நாக்கில் நரம்பில்லாமல் கேட்டார். சாமிக்கு ஆகாத கை இவர் வயிற்றுக்கு மட்டும் ஆகுமா என்று வாய்வரை வந்துவிட்டது. வீடும் வயலும் மாமியார் பேரில் இருக்கின்றன. மகளுக்குப் படிப்பு முடியவில்லை. கேழ்வரகைக் கொட்டி, கைப்பிடியைப் பிடித்துச் சுற்றினேன்.