மூன்று தரம் கேட்ட கந்தோர்

போன ஞாயிறு மொன்றியலின் அஹுன்ட்சிக் பகுதியில் ஒரு சிநேகிதி வீட்டுக்குப் போயிருந்தேன். சிநேகிதி கடைக்குப் போயிருந்தாள். பதினாறு வயது மகள்தான் கதவைத் திறந்தாள். "அன்ரி, தேத்தண்ணி குடிக்கிறீங்களோ?" என்று பிழையில்லாத தமிழில் கேட்டாள். "வேண்டாம் பிள்ளை, இப்பதான் குடிச்சிட்டு வந்தனான்" என்றேன். பச்சைப் பொய். காலையிலிருந்து வாயில் ஒன்றும் வைத்திருக்கவில்லை. பிள்ளை "ஓகே" என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போய்விட்டது. தாய் வந்துசேர முக்கால் மணித்தியாலம் ஆனது. அவ்வளவு நேரமும் வறண்ட தொண்டையோடு நான் நினைத்துக்கொண்டிருந்தது என் பழைய மேலதிகாரி வெர்ணாவைத்தான்.

வெர்ணா பிளாக்ஃபுட் இனத்துப் பெண். கனடாவின் மேற்கே, அல்பேர்ட்டாவின் புல்வெளிப் பக்கத்துப் பூர்வகுடி மக்கள் அவர்கள். மொன்றியலில் வாழும் பூர்வகுடியினருக்கென்று ஒரு சின்ன நிலையம் இருந்தது. அதன் சுகாதாரப் பகுதிக்கு வெர்ணா தலைவி, நான் நிர்வாக உதவியாளர். இரண்டாயிரத்துக்குப் பிறகு வந்த முதல் சில வருடங்கள் அவை. எங்கள் கந்தோர், அந்தச் சின்ன அலுவலகம், டெப்பனர் என்கிற மூலைக்கடை ஒன்றுக்கு மேலே இருந்தது. கீழே சிகரெட்டும் லொத்தர் சீட்டும், மேலே தடுப்பூசியும் நீரிழிவுப் பரிசோதனையும். மாரிப் பனிக்காலத்தில் ஏறி வந்தால் ஈரச் சப்பாத்தும் கருகிய கோப்பியும் சேர்ந்து ஒரு மணம் அடிக்கும். இன்றைக்கும் எங்காவது கோப்பி கருகினால் எனக்கு உடனே வேலைக்குப் பிந்திவிட்ட பதற்றம் வரும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். நாங்கள் ஆங்கிலத்தில்தான் கதைத்தோம். ஆனால் என் நினைவில் வெர்ணா என் ஊரான திருகோணமலையின் சுத்தமான தமிழில்தான் கதைக்கிறார். எவ்வளவு முயன்றும் அதை மாற்ற முடியவில்லை. ஆகவே நீங்களும் அப்படியே கேட்டுக்கொள்ளுங்கள்.

வேலைக்குச் சேர்ந்தபோது எனக்கிருந்த பெரிய பிரச்சினை அவரை எப்படிக் கூப்பிடுவது என்பது. "மேடம்" என்றேன். "மேடம் எண்டு இஞ்ச ஒருத்தரும் இல்லை, என்ர பேர் வெர்ணா" என்றார். ஐம்பது வயது மனுசியை, அதுவும் மேலதிகாரியைப் பெயர் சொல்லிக் கூப்பிட என் நாக்கு மறுத்தது. அதனால் இரண்டு மாதம் அவரை ஒன்றுமே சொல்லிக் கூப்பிடாமல் ஓட்டினேன். பக்கத்தில் போய் நின்று இருமுவேன். ஒருநாள் தாதி ஜோசே என் நெஞ்சில் குழாயை வைத்து மூச்சை இழுத்துவிடச் சொன்னாள். இருமலைப் பற்றி வெர்ணாதான் கவலைப்பட்டுச் சொல்லியிருக்கிறார்.

நான் அதுவரை கண்டிருந்த அதிகாரிகள் வேறு மாதிரி. கதிரையில் துவாய் விரித்து, மணி அடித்து ஆள் கூப்பிடுகிறவர்கள். வெர்ணா தன் கோப்பையைத் தானே கழுவினார், எங்களுடையதையும் சேர்த்து. திங்கட்கிழமைக் கூட்டத்தில் எல்லோரும் வட்டமாக இருப்போம். ஜோசே, வான் ஓடுகிற றொஜர், வீடு வீடாகப் போய் நோயாளரைப் பார்க்கிற இரண்டு பேர், நான். ஒவ்வொருவராகக் கதைக்க வேண்டும், குறுக்கே பேசக்கூடாது. வெர்ணா கடைசியில்தான் வாய் திறப்பார். யாராவது யோசித்துக்கொண்டிருந்தால் அவர் யோசித்து முடிக்கும்வரை எல்லோரும் பேசாமல் இருப்போம். அமைதியாக இருந்தால் யாரோ கோபம் என்று அர்த்தமாகிற வீட்டில் வளர்ந்தவள் நான். பொறுக்க மாட்டாமல் "எல்லாரும் சாப்பிட்டாச்சோ?" என்று கேட்டுவிடுவேன். கூட்டக் குறிப்பை எழுதுகிறவளும் நானே என்பதால் அதையும் விடாமல் எழுதிவைத்தேன்.

என் வேலை ஆறு மாத ஒப்பந்தம். இந்தக் கதை நடந்தபோது அது முடிய ஆறு கிழமை இருந்தது. அந்த வேலை எனக்கு எவ்வளவு தேவை என்று சொல்லாவிட்டால் மிச்சக் கதை விளங்காது. கொழும்பில் எனக்கொரு கணவர் இருந்தார். பெயர் குகன். பதிவுத் திருமணம் முடித்து ஒன்பது நாள் ஒன்றாக இருந்துவிட்டு நான் திரும்பி வந்திருந்தேன். மிச்சக் குடும்ப வாழ்க்கை முழுக்கத் தொலைபேசி அட்டையில் நடந்தது. நிரந்தர வேலைக் கடிதம் ஒன்று கிடைத்தால் அவரைக் கனடாவுக்குக் கூப்பிடுவது சுலபம் என்று வழக்கறிஞர் சொல்லியிருந்தார். நான் கோயிலில் கேட்டதெல்லாம் அந்த ஒரு கடிதத்தைத்தான்.

ஒரு திங்கள், கூட்டம் முடிந்து கோப்பை கழுவிக்கொண்டே வெர்ணா கேட்டார்.

"நீர் இந்த வேலையை நிரந்தரமா எடுக்கிறீரோ?"

எனக்குக் கால் நிலத்தில் இல்லை. மனம் ஓமோம் என்று துள்ளியது. வாய் என்ன சொன்னது தெரியுமா?

"ஐயோ, நானோ? வேண்டாம் வேண்டாம். என்னைவிடக் கெட்டிக்காரர் இருப்பினம்."

உங்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. முதல் தரம் கேட்டால் வேண்டாம் என்போம். இரண்டாம் தரம் கேட்டால் குரலைத் தாழ்த்தி வேண்டாம் என்போம். மூன்றாம் தரம்தான், "சரி, நீங்கள் இவ்வளவு கேட்கிறபடியால்" என்று வாங்கிக்கொள்வோம். கேட்டவுடன் ஓம் என்றால் காணாததைக் கண்டவள் என்பார்கள். நான் மரியாதையான வீட்டுப் பிள்ளை.

வெர்ணா தண்ணீர்க் குழாயைப் பூட்டினார். "சரி. நேர்மையாச் சொன்னதுக்கு நன்றி" என்றார். கையைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார்.

இரண்டாம் தரம் கேட்பதற்கு அவருக்கு வசதி செய்து கொடுக்க நான் பட்ட பாடு கொஞ்சமில்லை. செவ்வாய் அவருடைய அறைக்கு நாலு தரம் போனேன். புதன் பெருமூச்சு விட்டேன். வியாழன் அவராகவே கூப்பிட்டார். தலைமயிரைச் சரிசெய்துகொண்டு ஓடினேன்.

"வேலைக்கு ஆள் தேவை எண்டு விளம்பரம் போடவேணும். என்ன தகுதி கேக்கலாம் எண்டு உமக்குத்தான் தெரியும். உம்மை மாதிரி ஒராள் வேணுமெண்டு எழுதும்."

எழுதினேன். என்னைப் போல ஒருத்தியை நான் விளம்பரத்தில் தேடினேன். ஆங்கிலத்திலும் ஃபிரெஞ்சிலும் எழுதி, எழுத்துப் பிழை பார்த்து, அறிவிப்புப் பலகையில் நாலு மூலைக்கும் ஊசி குத்தினேன். நிர்வாகத்தில் குறை சொல்ல இடம் வைக்கவில்லை.

அப்போது நான் பியர்பொன்ட்ஸில் அண்ணை வீட்டில் இருந்தேன். மெட்ரோவும் பிறகு இரண்டு பஸ்ஸும். வழி முழுக்க அழுதுகொண்டு போய் அண்ணையின் மனைவியிடம், என் மச்சாளிடம், கதையைச் சொன்னேன்.

"விசரே உனக்கு? அவ கேட்டவ, நீ வேண்டாமெண்டனி. பிறகேன் மூக்கைச் சிந்திறாய்? நாளைக்குப் போய் வாயைத் திறந்து வேணுமெண்டு சொல்லு!"

"நானாப் போய் எப்பிடிக் கேக்கிறது மச்சாள்?"

குகனுக்குத் தொலைபேசி எடுத்தேன். அவர் ஆறுதலாக விசாரித்தார். "நீர் என்ன சொன்னனீர்?"

"வேண்டாமெண்டனான்."

"அது சரிதானே. ரெண்டாந்தரம் என்ன கேட்டவ?"

"ரெண்டாந்தரம் கேக்கேல்லை."

"கேக்கேல்லையோ!" குகன் திகைத்துப் போனார். அந்தத் திகைப்பிலேயே அட்டை முடிந்துவிட்டது. இந்த மனிதரோடு காலம் தள்ளலாம் என்று அன்றைக்குத்தான் நிச்சயமானது.

நேர்முகத் தேர்வுக்கு மூன்று பேர். நேரம் ஒதுக்கியதும் நான், வரவேற்று இருத்தியதும் நான். முதல் வந்தவருக்கு என்னைவிட இரண்டு பட்டம் கூட. இரண்டாவது பெண்ணை எனக்கே பிடித்துப்போய்த் தேநீர் போட்டுக் கொடுத்தேன். மூன்றாவது ஆள் வரவில்லை. அதைச் சொல்ல உள்ளே போனேன். வெர்ணாவும் ஜோசேயும் ஒரு பக்கம் இருந்தார்கள், எதிரே ஒரு வெறும் கதிரை.

"அவர் வரேல்லை" என்றேன். "சரி" என்று வெர்ணா ஃபைலை மூடினார். நான் போகவில்லை. அந்தக் கதிரையில் இருந்துவிட்டேன்.

ஜோசே ஏதோ கேட்க வாயெடுத்தாள். வெர்ணா கையைக் காட்டி நிறுத்தினார். பிறகு இருவரும் காத்திருந்தார்கள்.

"வேற ஒருத்தரும் சரிவராட்டில்..." என்று தொடங்கினேன். வெர்ணா அசையவில்லை. "உங்களுக்கு உதவியா இருக்குமெண்டா..." அதற்கும் அசையவில்லை. சாப்பிட்டாச்சோ என்று கேட்கக்கூட வழியில்லை.

"எனக்கு இந்த வேலை வேணும்!"

கத்திவிட்டேன் போலிருக்கிறது. றொஜர் ஓடிவந்து கதவைத் திறந்து பார்த்தார்.

"வேணுமெண்டு தெரியும்" என்றார் வெர்ணா. "ஆனா நீர் வேண்டாமெண்டனீர். நான் சின்னனா இருக்கேக்க எங்கட ஆக்கள் வேண்டாமெண்டு சொன்ன எதையும் ஒரு அதிகாரியும் காதில விழுத்தேல்லை. உங்களுக்கு எது நல்லதெண்டு எங்களுக்குத் தெரியும் எண்டு செய்துகொண்டே போச்சினம். நானும் ஒருநாள் அதிகாரிக் கதிரையில இருந்தா, ஒராள் வேண்டாமெண்டால் அது வேண்டாம்தான் எண்டு அப்பவே நினைச்சனான்."

எனக்கு வெட்கமாகிவிட்டது. பிறகு மெதுவாக எங்கள் மூன்று தர வழக்கத்தைச் சொன்னேன். வெர்ணா கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். கண்ணைத் துடைத்துவிட்டுத் திரும்பவும் சிரித்தார். "அப்ப மூண்டு வேண்டாம் சேர்ந்தாத்தான் ஒரு வேண்டாமோ?" என்றார். விதிப்படி முறையாக விண்ணப்பிக்கச் சொன்னார். விண்ணப்பித்தேன். இரண்டு கிழமையில் கடிதம் கையில் கிடைத்தது.

அதற்குப் பிறகு அந்தக் கந்தோரில் என்னிடம் எதையும் மூன்று தரம்தான் கேட்டார்கள். வெர்ணா ஒரு விரலைத் தூக்கிக் கேட்பார், பிறகு இரண்டு, பிறகு மூன்று. ஒருநாள் அரசாங்கத்திலிருந்து மேற்பார்வைக்கு வந்த அதிகாரி கோப்பி வேண்டாம் என்றார். வெர்ணா, ஜோசே, றொஜர் என்று வரிசையாகப் போய் விரலைக் காட்டிக் கேட்டார்கள். மனுசன் பயந்து இரண்டு கோப்பை குடித்தார். எங்கள் பகுதிக்கு நல்ல அறிக்கையும் எழுதினார்.

குகன் வந்தார். டோர்வல் விமான நிலையத்தில் பொதி ஏற்றுகிற வேலை கிடைத்தது. மகன் பிறந்தான், கார்டெரி என்கிற பிள்ளைகள் காப்பகத்துக்குப் போய் எனக்கு முன்னமே ஃபிரெஞ்சில் சண்டை பிடிக்கப் பழகினான். அந்த நேரத்தில்தான் வெர்ணாவை அவருடைய சொந்த மக்கள் கூப்பிட்டார்கள், ஊருக்கு வந்து தங்கள் சுகாதாரப் பகுதியை நடத்தச் சொல்லி. போவதற்கு ஒரு மாதம் இருக்க, என் மேசைக்கு வந்து ஒரு விரலைத் தூக்கினார்.

"என்னோட வாறீரோ? அங்க எல்லாத்தையும் முதலிலயிருந்து கட்டவேணும். உம்மை மாதிரி ஒராள் எனக்கு வேணும்."

"ஏலாது வெர்ணா" என்றேன். அதற்குள் எனக்கு அவர் பெயரைச் சொல்ல வந்துவிட்டது.

கடைசி நாள் படிக்கட்டில் வைத்து இரண்டு விரலைத் தூக்கினார். குகனுடைய வேலை, பிள்ளை, இப்போதுதான் வாங்கிய வீடு என்று சொன்னேன். குரலைத் தாழ்த்தித்தான் சொன்னேன். வெர்ணா என் முகத்தைப் பார்த்தார். மூன்றாம் தரம் கை மேலே வரப்போனது. பிறகு அந்தக் கையால் கோட்டின் பொத்தானைப் பூட்டிக்கொண்டு, "நல்லா இரும்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

மொன்றியலில் எங்கள் பகுதியைப் பிறகு ஒரு பெரிய திணைக்களத்தோடு சேர்த்துவிட்டார்கள். இப்போது நோயாளர் இயந்திரத்தில் இலக்கம் அழுத்தி வைத்தியரைப் பார்க்க நேரம் எடுக்கிறார்கள். அந்த மாடியில் யாரோ மெத்தை விற்கிறார்கள். வெர்ணா செத்துப்போனதை அவருடைய ஊர்க் கந்தோரில் வேலை செய்கிற, எனக்கு முன்பின் தெரியாத ஒரு நிர்வாக உதவியாளர் இரண்டு வரியில் எழுதியிருந்தாள். நல்ல பிள்ளையாக இருக்கவேண்டும், எழுத்துப் பிழை ஒன்றுகூட இல்லை.

மூன்றாம் தரம் கேட்டிருந்தால் நான் போயிருப்பேன். அது வெர்ணாவுக்குத் தெரியும். குகனுக்கு இன்றுவரை தெரியாது.