கண் வைத்தியத்துக்குப் பவுடர்

என் வறண்ட கண்களுக்கு, கண்ணைச் சுற்றியுள்ள தோலில் வெளிச்சம் பாய்ச்சும் ஒளிச் சிகிச்சை கேட்டுக் கண்டிக்குப் போனேன். டொக்டர் ஒரு நிற அட்டையை என் கன்னத்தருகே பிடித்துப் பார்த்தார்.

"கருமையான தோல இந்த வெளிச்சம் சுட்டுரும். உங்களுக்கு வேணாம்."

கூட வந்த மாமியாருக்குப் பொறுக்கவில்லை. கல்யாணமான நாளிலிருந்து என் நிறத்துக்குச் சாக்குச் சொல்லியே பழகியவர். கைப்பையிலிருந்து பவுடர் டப்பாவை எடுத்தார்.

"இவ அவ்வளவு கறுப்பில்லங்க, பஸ்ஸுக்கு நின்னு வெயில் பட்டுருச்சு. இதப் பூசிட்டுப் பாருங்க."

சிகிச்சை அறையையும் பெண் பார்க்கும் வீடாக்கிவிட்டார். எனக்கு வெட்கமில்லை, அருவருப்புத்தான் வந்தது.

"பவுடர் வெளிச்சத்த ஏமாத்தாதும்மா" என்ற டொக்டர், வெதுவெதுப்பான ஈரத்துணியால் ஒத்தடம் கொடுக்கச் சொன்னார்.

அதை நான் ஒருநாளும் தவறவிடுவதில்லை. எரிச்சல் குறைகிறது. அதைவிட, கண்ணை மூடியிருக்கும் அந்த நேரமாவது மாமியார் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை.