உறையில் வைத்த கை

தொண்ணூறுகளில் கருமத்தம்பட்டிக்குப் பக்கத்தில் குடியிருந்தபோது, சொந்தமாகத் தோட்டம் வைத்திருந்த விவசாயி ஒருவரோடு காலையில் வறண்ட மேய்ச்சல் காட்டில் நடக்கப் போவேன். ஒல்லியான மனிதர். முழங்கால் வரை காக்கி டவுசர், இடுப்பில் அவருடைய அப்பா காலத்து ரிவால்வருக்கான தோல் உறை. முன்னால் இரண்டு நாய்கள் ஓடும். பாறைமேல் கொட்டாங்குச்சியை வைத்துவிட்டு அவர் உறையைத் தொட்டால் போதும், இரண்டும் திரும்பி வந்து காலடியில் உட்கார்ந்துவிடும். அதற்குப் பிறகுதான் சுடுவார்.

ஒருநாள் வேலமரத்தடியிலிருந்து ஒரு வெறிநாய் வாயில் எச்சில் ஒழுக எங்களை நோக்கி வந்தது. அவர் கை உறைக்குப் போனது. நாய்கள் உட்கார்ந்தன. யாரும் அசையவில்லை. அது தள்ளாடியபடி எங்களைக் கடந்து போய்விட்டது.

“ஏனுங்க, சுடலீங்களா?” என்று கேட்டேன்.

உறையைத் திறந்து காட்டினார். காலி.

“எலெக்சன் வந்தா லைசென்ஸ் துப்பாக்கிய ஸ்டேசன்ல குடுத்தாகோணுமுங்க. போன வாரமே ஒப்படைச்சுப்போட்டேன்.”

“அப்புறம் எதுக்குங்க அதுல கைய வெச்சீங்க?”

“வெக்காட்டி இதுங்க ரெண்டும் அதுமேல பாஞ்சிருக்குமுங்க.”

நாய்களைத் தட்டிக்கொடுத்துவிட்டு நடந்தார். அந்தக் கையை நம்பித்தான் நானும் ஓடாமல் நின்றிருந்தேன்.