அறுபத்தொன்றும் எண்பத்தேழும்

பிள்ளைகளே, இதை எழுத வேண்டாம் என்று உங்கள் அம்மா தடுத்தார். "பிள்ளையளுக்குப் பழிவாங்கிற கதையே சொல்லிக் குடுக்கப் போறியள்?" என்று கேட்டார். நான் பத்தாம் வகுப்போடு நின்றவன். அழகாக எழுத வராது. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

சண்டிலிப்பாயில் எங்கள் முந்திரிகைப் பந்தலில் காய்க்கும் திராட்சைப் பழத்தைச் சுன்னாகத்து முதலாளி ஒருவர் மொத்தமாக வாங்கினார். அனுமதிப் பத்திரம் எடுத்து வைன் செய்பவர். அதை ஹோட்டல்கள் எடுப்பதென்றால் கொழும்பிலிருந்து ஒரு ஐயா வந்து குடித்துப் பார்த்து, நூற்றுக்கு இத்தனை என்று இணையத்தில் புள்ளி போட வேண்டும். ஹோட்டல்காரர் வைனை வாயில் வைப்பதில்லை. எண்ணைப் பார்த்துத்தான் வாங்குவார்கள்.

முதல் தடவை முதலாளி அவரை எங்கள் பந்தலுக்கே கூட்டி வந்தார். வந்தவருக்கு அம்மா வெறுந்தேத்தண்ணியும் இனிப்புக்குப் பனங்கட்டியும் கொடுத்தார். வீட்டுக்கு வந்தவரை வெறும் வாயோடு இருத்துவது எங்களுக்குப் பழக்கமில்லை. ஐயா ஐந்து துண்டு பனங்கட்டி சாப்பிட்டார். பிறகு வைனைக் குடித்து முகத்தைச் சுழித்தார்.

"சரியான புளிப்பு. பழத்தில்தான் பிழை. இந்த மண் வைனுக்குச் சரிவராது."

அறுபத்தொன்று போட்டார். மண்ணையும் பழத்தையும் பற்றிச் சொன்னதையும் சேர்த்து எழுதினார். ஹோட்டல்கள் நிறுத்தின. முதலாளி எங்கள் பழத்தை நிறுத்தினார். அந்தப் போகம் முழுவதும் வௌவாலுக்கும் குளவிக்கும் போயிற்று. பாதிக் கொடியை நானே அடியோடு வெட்டினேன். நீங்கள் பள்ளிக்கூடம் போயிருந்தீர்கள், பார்க்கவில்லை.

முதலாளி புள்ளிக்காகத் தன் வைனையே மாற்றினார். வெளிநாட்டுச் சாற்றை வாங்கினார், சீனி கொட்டினார், ஐயாவுக்கு மரவாசம் பிடிக்குமென்று பீப்பாவுக்குள் மரச்சீவலும் போட்டார். பல் கூசும் சீனிப் பாணி போல இருந்ததாம்.

நாங்கள் குடிக்கிற குடும்பம் இல்லை. அதனால்தான் எங்கள் பழத்து வைன் ஏன் புளித்தது என்று எங்களுக்குப் பிடிபடவில்லை. அறுபத்தொன்று வாங்கிய அந்த வைனில் முதலாளி முன்பு தந்த மூன்று போத்தல் வீட்டில் கிடந்தது. ஒருநாள் பனங்கட்டியோடு தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தபோது ஆத்திரத்தில் ஒன்றைத் திறந்து ஒரு மிடறு குடித்தேன். பழப்புளி மாதிரி இருந்தது. இன்னொரு நாள் உப்பு மாங்காய் சாப்பிட்ட பிறகு குடித்தேன். அதே போத்தல் பட்டுப்போல இறங்கியது. அப்போதுதான் விளங்கியது. முதலில் வாயில் இனிப்பு இருந்தால் வைன் புளிக்கும், உப்பும் புளியும் இருந்தால் இனிக்கும்.

அம்மாவிடம் சொன்னேன். "என்ரை தேத்தண்ணியாலையோ?" என்று கேட்டு அழுதுவிட்டார். இதுதான் தொழில் என்று வருபவருக்கு வாய் கழுவத் தெரியாதா? அன்றே முடிவெடுத்தேன், அவரை விடுவதில்லை என்று.

அடுத்த வருடம் முதலாளி வந்தார். "ஐயா புது வைனுக்குப் புள்ளி போட வாறார். பந்தலடியிலை படம் எடுக்கவேணுமாம். உம்மடை பந்தலைத் தாரும்."

எங்கள் பழம் ஒன்றுகூட இல்லாத வைனுக்கு எங்கள் பந்தலில் படம். "ஓம், தாறன்" என்றேன்.

ஐயா வந்தார். நானே தேத்தண்ணியும் பனங்கட்டியும் வைத்தேன். "போன முறையும் இது அருமை" என்று ஆறு துண்டு சாப்பிட்டார். முதலாளியின் புது வைனைக் குடித்தார். ஐம்பத்தொன்பது. முதலாளியின் முகம் செத்துப்போனது.

"இன்னொண்டு இருக்குது ஐயா. முதல்லை கொஞ்சம் உப்பு மாங்காய் சாப்பிடுங்கோ, வெய்யிலுக்கு நல்லது."

சாப்பிட்டார். லேபல் உரித்த போத்தலிலிருந்து ஊற்றினேன். கண்ணை மூடி, நாக்கைத் தட்டி, இரண்டாம் முறையும் வாங்கிக் குடித்தார்.

"எந்தத் தோட்டத்துப் பழம்?"

"உந்தப் பந்தல்தான் ஐயா."

"அற்புதம். எண்பத்தேழு." இந்தப் பந்தலின் வைன் என்று அங்கேயே போனில் எழுதி அனுப்பினார். போய்ச் சேர்ந்ததா என்று இரண்டு தரம் கேட்டு உறுதி செய்துகொண்டு, உள்ளே லேபலோடு வைத்திருந்த போத்தலைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தேன்.

"ரெண்டும் ஒண்டுதான் ஐயா. போன வருசம் நீங்கள் அறுபத்தொண்டு போட்ட வைன்."

முதலாளி என் சட்டையைப் பிடித்து இழுத்தார். "வாயைப் பொத்தும்!"

ஐயா சிவந்துபோனார். "போத்தலுக்குப் போத்தல் ருசி மாறும்."

"போத்தல் மாறேல்லை. உங்கடை வாய்தான் மாறினது. பனங்கட்டியோடை ஒருக்கா, மாங்காயோடை ஒருக்கா."

"நீர் என்னை ஏமாத்திப்போட்டீர். இப்பவே அதை அழிக்கிறன்."

"அழியுங்கோ. ஏன் அழிச்சனீங்கள் எண்டதையும் எழுதுங்கோ."

போனைக் கையில் எடுத்தார், ஒன்றையும் அழிக்கவில்லை. பிறகு சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு வாகனத்தில் ஏறினார். படமும் எடுக்கவில்லை.

ஹோட்டல்கள் எண்பத்தேழைக் கேட்டுத் திரும்பி வந்தன. முதலாளியும் வந்தார். "பழம் வேணும்." வெளிநாட்டுச் சாறு ஒரு துளியும் கலக்கக்கூடாது, மரச்சீவல் போடக்கூடாது, பழத்தை நிறுத்தியதற்கு அம்மாவிடம் நேரே வந்து மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றேன். கேட்டார். அம்மாதான் பாவம், கூச்சத்தில் குசினிக்குள் போய்விட்டார். வெட்டிய கொடிகளுக்குப் பதிலாகப் புதுத் தடிகள் நட்டிருக்கிறேன்.

முதலாளியைக் காணும்போதெல்லாம் போனைத் திறக்கச் சொல்வேன். எண்பத்தேழு இன்னும் அங்கேதான் இருக்கிறது. அறுபத்தொன்றைப் போலவே அதுவும் பெறுமதியில்லாத எண் என்று எனக்குத் தெரியும். போட்டவருக்கும் தெரியும். அழித்தால் அவருடைய தொழில் போகும், அழிக்காவிட்டால் தினமும் பார்க்க வேண்டும். பார்க்கட்டும். ஐயாவை மன்னித்துவிட்டேன் என்று உங்களுக்கு எழுதினால் அது பொய். நான் மன்னிக்கவில்லை.