வள்ளிநாயகி வரைந்த ஆறு

வள்ளிநாயகிக்கு ஓரிடத்தில் உட்கார வராது. பிள்ளைக் கொட்டகையில் இருபத்து மூன்று பிள்ளைகளைத் தொட்டிலில் போட்டுவிட்டு, வாசலுக்கும் அடுப்படிக்கும் குழாயடிக்கும் நடந்துகொண்டே இருப்பாள். ரப்பர் பால்மரம் வெட்டப் போகும் தாய்மார்கள் விடியற்காலையில் பிள்ளையை அவள் கையில் கொடுக்கும்போதே, "அக்கா, தூக்கிக்கிட்டு எங்கேயும் கோலா பிலா டவுன் வரைக்கும் நடந்துறாதீங்க" என்று கேலி பேசுவார்கள்.

முன்பெல்லாம் மாலையில் வேலை முடிந்ததும் ஆற்றோரமாக இரண்டு கட்டை, அதாவது இரண்டு மைல் தூரம் நடந்துவிட்டு வருவாள். காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகளை ஒடுக்க மலாயாவில் அவசரகாலம் வந்து அதுவும் போயிற்று. சிரம்பானை அடுத்த லாபுப் பக்கத்தில் எல்லோரும் ஆத்துத் தோட்டம் என்று சொல்லும் அந்தத் தோட்டத்தில், 1951இல் தொழிலாளர் குடியிருக்கும் லயங்களைச் சுற்றி இரண்டு வரிசை முள்வேலி நின்றது. மாலை ஆறு மணிக்குக் கேட்டைப் பூட்டினால் விடிந்துதான் திறப்பார்கள். காட்டிலிருப்பவர்களுக்குச் சோறு போய்விடும் என்று, வேலைக்குப் போகிறவர்களின் தூக்குச்சட்டியைக்கூடத் திறந்து பார்த்தார்கள். வள்ளிநாயகி வேலிக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வந்தாள். அவள் மகள் மயிலம்மாள், பதினைந்து வயது, பால்மரம் வெட்டுகிறவள், "உக்காரும்மா, பாக்கிற எனக்கே தலை சுத்துது" என்பாள்.

தோட்டத்தில் அவளுக்குப் பிரான்சுக்காரி என்று பெயர். பிறந்தது காரைக்காலில். அங்கே அப்போது பிரெஞ்சுக்காரர் ஆட்சி. ஓர் அதிகாரியின் மனைவி, தன் கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள, பதினான்கு வயது வள்ளிநாயகியைக் கப்பலேற்றி அழைத்துப் போனாள். பாரீசுக்கு வெளியே, மார்ன் ஆற்றங்கரையில், ஜுவான்வில் என்ற ஊரில் ஏழு வருடம் இருந்தாள். அதிகாரி வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் அவளை ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். சன்னாசிக்கு வாழ்க்கைப்பட்டாள், நாகப்பட்டினத்தில் கப்பலேறி மலாயா வந்தாள். சன்னாசி ஜப்பான்காரன் காலத்தில் சயாம் ரயில் போடப் போனவன்தான், திரும்பவில்லை.

மழை பெய்தால் மரம் வெட்ட முடியாது. அப்படி ஒரு மழைநாளில் பெண்கள் பிள்ளைக் கொட்டகையில் கூடினார்கள். வேலையை மேற்பார்க்கும் மண்டோர் முருகையாவும் தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு ஒதுங்கினார். வள்ளிநாயகி அழுத பிள்ளை ஒன்றைத் தோளில் போட்டு நடந்துகொண்டே தன் ஆற்றைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமையானால் பாரீசிலிருந்து ரயில் ரயிலாக ஆட்கள் வந்து இறங்குவார்கள், கரையோரக் கொட்டகைகளில் ஆணும் பெண்ணும் கட்டிக்கொண்டு ஆடுவார்கள், ரயில் வருவதற்கு முன்னால் அதெல்லாம் திராட்சைத் தோட்டமாக இருந்ததாம் என்றெல்லாம் சொன்னாள். படகு மலைக்குள் நுழைந்து அந்தப் பக்கம் வெளியே வரும் என்றபோது முருகையாவுக்குப் பொறுக்கவில்லை.

"ஏன் வள்ளி, நேத்து கள்ளுக்கடைப் பக்கம் போனியா?"

"நீங்க போனா எனக்கு ஏறுமா மண்டோரே? நெசமாத்தான் சொல்றேன். ஆறு பெரிசா வளைஞ்சு எட்டுக் கட்டை சுத்திக்கிட்டுப் போவுது. அந்த வளைவுக்குக் கழுத்து மாதிரி ஒரு எடம். அதான் எங்க ஊரு. நெப்போலியன் ராசா காலத்துல தொடங்கி அங்க மலையைக் குடைஞ்சு தண்ணி விட்டாங்க. எட்டுக் கட்டை சுத்துற படகு, உள்ளாற பூந்து வெளியில வந்துரும்."

"குடைஞ்சது எத்தினி தூரம்?" என்று மங்கம்மா கேட்டாள்.

"நம்ம மரத்துக்குச் சொல்லணும்னா ஒரு நூறு நிரை இருக்கும்."

"எங்கே, காட்டு பாப்போம்லா" என்றார் முருகையா.

குழந்தைகளுக்கான பால் டின் வந்த அட்டைப்பெட்டி ஒன்று மூலையில் கிடந்தது. வள்ளிநாயகி அதைக் கிழித்து விரித்தாள். முருகையாவின் காதில் செருகியிருந்த பென்சிலைப் பிடுங்கினாள். ஆற்றை வளைத்தாள். பாலத்தைப் போட்டாள், நடுவில் ஒரு தீவைப் போட்டாள், கரை நெடுக வீடுகள். மலைக்குள் போகும் வழியைப் புள்ளி புள்ளியாக வைத்து, பக்கத்தில் 100 என்று எழுதினாள். அவளுக்கு எழுத்துத் தெரியாது, எண் தெரியும். பெண்கள் கேட்கக் கேட்க, சந்தைக்கு இத்தனை நிரை, ரயிலடிக்கு இத்தனை நிரை என்று எண்களைக் கூட்டிக்கொண்டே போனாள். அவர்களுக்கு மீட்டர் கணக்கு கண்ணில் நிற்காது. மர வரிசையை எண்ணும் நிரைக் கணக்குச் சொன்னால் காலுக்குப் புரியும்.

முருகையா குனிந்து நெடுநேரம் பார்த்தார். "ம். இப்ப நம்பலாம் போல இருக்கு" என்றார். மங்கம்மா அந்த அட்டையைச் சுவரில் ஆணியடித்து மாட்டினாள். எல்லோரும் சிரித்துக்கொண்டு கலைந்தார்கள்.

ஒன்பது நாள் கழித்து, ஆற்றிலிருந்து தள்ளியிருந்த மரங்களுக்குள் அரிசி மூட்டை ஒன்று புதைத்து வைத்திருந்தது போலீசுக்கு அகப்பட்டது. லயம் முழுவதையும் சோதனை போட்டார்கள். கொட்டகைச் சுவரில் ஆறு, புள்ளிக் கோடு, நிரைக் கணக்கு. யார் போட்டது என்று கேட்டார்கள்.

"நான்தான்" என்றாள் வள்ளிநாயகி, கையில் பிள்ளையோடு. பிள்ளையை மங்கம்மா வாங்கிக்கொண்டாள்.

நகரத்துப் போலீஸ் நிலையத்தில் அவளை மூன்று நாள் வைத்திருந்தார்கள். அறை நீளத்துக்கு ஆறு எட்டு வைக்கலாம், அகலத்துக்கு நாலு எட்டு. அவள் நடந்தாள். காவலுக்கு இருந்த மலாய்ப் பெண், "டுடோக்லா, மக்சிக்" என்று உட்காரச் சொல்லி அலுத்துப்போனாள். உட்கார்ந்தால் மயிலம்மாளின் முகம் வந்தது. காட்டுக்காரர்களுக்கு உதவியவர்களைச் சிறையில் போடுவார்கள், பிறகு பிறந்த ஊருக்குக் கப்பலேற்றிவிடுவார்கள் என்று தோட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். இவளைக் காரைக்காலுக்கு அனுப்புவார்கள். இந்த மண்ணில் பிறந்த மயிலம்மாள் யாரோடு இருப்பாள்?

மூன்றாம் நாள் இன்ஸ்பெக்டர் ராமகிருஷ்ணன் அவளை மேசைக்கு முன்னால் நிறுத்தினார். அட்டை அவர் முன்னால் கிடந்தது. பக்கத்தில் தோட்டத்தின் வரைபடம். இரண்டிலும் ஆறு ஒரே மாதிரிதான் வளைந்தது.

"இது பிரான்சுங்கிற."

"ஆமாங்கய்யா."

"பிரான்சுல ஏதும்மா ரப்பர் நிரை?"

அவள் விளக்கிச் சொன்னாள். சொல்லும்போது அவளுக்கே அது பொய் மாதிரிக் கேட்டது.

"இந்தப் புள்ளி?"

"மலைக்குள்ள படகு போற வழிங்கய்யா."

எழுதிக்கொண்டிருந்த கான்ஸ்டபிள் சிரித்துவிட்டான். இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை. "அரிசி மூட்டை ஆத்துல இருந்து நூத்திரண்டாவது நிரையில கெடைச்சுது. நீ நூறுன்னு போட்டிருக்க. நான் என்ன நினைக்கட்டும்?"

அப்போதுதான் வள்ளிநாயகிக்கு நினைவு வந்தது. "மாதா கோவில்ல ஒரு பிரெஞ்சுச் சாமியார் இருக்காருங்கய்யா. அவரைக் கேளுங்க. அவரு நாடுதானே."

பாதிரியார் மத்தியானத்துக்கு மேல் சைக்கிளில் வந்து சேர்ந்தார். ஐம்பது வயதைத் தாண்டியவர், தமிழர்களுக்குப் பூசை வைத்து வைத்து நல்ல தமிழ் பேசுகிறவர். வள்ளிநாயகியிடம் பிரெஞ்சில் இரண்டு கேள்வி கேட்டார். அவள் அடுப்படியில் கற்ற பிரெஞ்சில் தயங்காமல் பதில் சொன்னாள்.

"இவள் அந்த நாட்டில் வாழ்ந்தவள்தான். அதில் ஐயமில்லை" என்றார் அவர்.

"அது சரி ஃபாதர். இந்தப் படம் அந்த ஊருதானா? அதச் சொல்லுங்க."

பாதிரியார் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். "நான் தெற்கே மலைநாட்டான். பாரீசை ரயிலில் கடந்து போனதுதான். மார்ன் ஆறு சேன் ஆற்றில் கலக்கிறது, பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறேன். மலைக்குள் படகு போவதை நான் கேள்விப்பட்டதில்லை. கேள்விப்பட்டேன் என்று சொன்னால் பொய்யாகும்."

இத்தனை தூரம் சைக்கிள் மிதித்து வந்த மனிதர் ஒரே ஒரு பொய் சொல்லக் கூடாதா என்று வள்ளிநாயகிக்குத் தோன்றியது.

இன்ஸ்பெக்டர் பென்சில் முனையால் வீடுகளைத் தொட்டார். "வீட்டுக்கு வீடு குறுக்கால ஒரு கோடு போட்டிருக்கியே, இது என்ன? எந்த வீட்டுல காவல் இருக்குன்னு அடையாளமா?"

"இல்லீங்கய்யா. தண்ணி ஏறுன அளவு. நான் போறதுக்கு முந்தியே பெரிய வெள்ளம் வந்துச்சாம். ஆத்தோரத்து ஊரெல்லாம் முங்கிப் போச்சாம். எங்க வீட்டுச் சுவத்துல, என் தலைக்கு மேல, அளவுக்கு ஒரு தகடு அடிச்சு வருசம் போட்டிருக்கும். சனிக்கிழமை தவறாம ஸ்டூல் போட்டு ஏறித் துடைக்கிறது என் வேலை."

பாதிரியார் வாயைத் திறந்தார். இன்ஸ்பெக்டர் சட்டென்று கையை உயர்த்தினார். "ஃபாதர், பேசாதீங்க. அந்த வெள்ளம் உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

ஒரு காகிதத்தை அவர் பக்கம் தள்ளினார். "வருசத்தை எழுதிக் கவுத்து வைங்க." பாதிரியார் எழுதிக் கவிழ்த்தார். இன்னொரு காகிதம் வள்ளிநாயகிக்கு. "நீயும் எழுது."

வள்ளிநாயகி கண்ணை மூடினாள். மனதுக்குள் ஸ்டூலின் மேல் நின்றாள், ஈரத் துணி கையில். முதலில் ஒரு கோடு. பிறகு தலை பெருத்து வால் வைத்தது. அப்புறம் மறுபடியும் கோடு, கடைசியில் ஒரு வட்டம். துணி அந்த வட்டத்துக்குள் சுழலும். அழுக்கு அங்கேதான் சேரும். கண்ணைத் திறந்து, தகட்டில் இருந்தபடியே நான்கையும் எழுதினாள்.

இன்ஸ்பெக்டர் இரண்டு காகிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். 1910. 1910.

"நான் சிறுவன். எங்கள் மலை ஊரிலிருந்து கம்பளி சேர்த்து அனுப்பினோம்" என்றார் பாதிரியார் மெதுவாக.

இன்ஸ்பெக்டர் ஒரு தாளில் கையெழுத்துப் போட்டார். "நீ போகலாம். அட்டை இங்கேயே இருக்கும். இனிமே எங்கேயும் எதையும் வரையக் கூடாது. எந்த நாட்டு ஆறா இருந்தாலும் சரி. வெளங்குதா?"

"வரைய மாட்டேங்கய்யா. தோட்டத்துக் கேட்டை ஆறு மணிக்குப் பூட்டிருவாங்க. இப்பவே அஞ்சாச்சு."

அவர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு ஜீப்புக்குச் சொல்லியனுப்பினார். வாசலில் பாதிரியார் சைக்கிளை எடுத்தபடி, குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "மகளே, படகு மெய்யாகவே மலைக்குள் போகுமா?"

"போவும் சாமி. உள்ள ஒரே இருட்டு. மேலருந்து தண்ணி சொட்டும்." அவளுக்கு நிற்க நேரமில்லை.

ஜீப் கேட்டை அடைந்தபோது ஆறுக்கு ஐந்து நிமிடம் இருந்தது. முருகையா கேட்டுக்கு உள்ளே நின்று எட்டிப் பார்த்தார். "வந்துட்டியா! மூணு நாளா உன் மவ யாருகிட்டயும் பேசல, போய்ப் பாரு" என்றார்.

வீட்டுக் கதவு திறந்திருந்தது. கொடியில் துணி இல்லை. அடுப்படியில் சட்டி இல்லை. எல்லாம் ஒரு பெட்டிக்குள்ளும் இரண்டு மூட்டைக்குள்ளும் கயிறு போட்டுக் கட்டியிருந்தது. மயிலம்மாள் பெட்டியின் மேல், வேலைக்குப் போகிற சட்டையோடு உட்கார்ந்திருந்தாள்.

"என்னடி இது?"

"கப்பல்ல ஏத்துவாங்கன்னு சொன்னாங்க. நானும் வரேன்னு ஆபீஸ் கிராணிகிட்ட சொல்லிட்டேன். வேலை வேணான்னும் சொல்லிட்டேன்."

"யாரைக் கேட்டுச் சொன்ன? பொறந்ததுலேர்ந்து சிரம்பானைத் தாண்டாதவ, காரைக்கால்ல போயி என்னடி பண்ணுவ?"

"நீ இல்லாம இங்க மட்டும் என்ன பண்ணுவேன்?"

வள்ளிநாயகி மூட்டையின் முடிச்சை அவிழ்க்கக் குனிந்தாள். மகள் இழுத்துக் கட்டியிருந்தாள். நகம் பெயர்ந்ததுதான் மிச்சம், முடிச்சு அசையவில்லை. காலையில் முதல் வேலையாகக் கிராணியிடம் ஓட வேண்டும், மகளுக்கு வேலையைத் திரும்பக் கேட்க வேண்டும். எழுந்து நடந்தாள். சட்டி இல்லாத அடுப்புவரை போய்த் திரும்பி வந்தாள்.

"அனுப்பலையாம்மா?" என்றாள் மயிலம்மாள். அதுவரை அவள் அதைக் கேட்கவே இல்லை.

"அனுப்பல."

மயிலம்மாள் பெட்டியிலிருந்து இறங்கி வந்து முடிச்சைப் பல்லால் கடித்து இழுத்தாள். கயிறு தளர்ந்தது. சட்டியை வெளியே எடுத்துக்கொண்டே கேட்டாள்: "காரைக்கால்ல ஆறு இருக்காம்மா?"

"இருக்கு. அரசலாறு. கடல்ல போய்ச் சேரும்."

"எப்படிப் போவும்?"

வள்ளிநாயகியின் விரல் தரையில் கோடு இழுக்கப் போயிற்று. கையைச் சேலைக்குள் இழுத்துக்கொண்டு, நின்றபடியே, வாயால் சொல்லத் தொடங்கினாள்.