பாராசூட் ஊரிலிருந்து வந்த மாப்பிள்ளை

பிரான்சின் தெற்கில் நான் குடியிருக்கும் ஊரில் காலைக் காப்பி நேரத்தில் வானத்திலிருந்து ஆட்கள் இறங்குவார்கள். பக்கத்தில் பாராசூட் பயிற்சிப் பள்ளி. வந்த புதிதில் பால்கனிக்கு ஓடிப் பார்ப்பேன். ஊரார் நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை. தென்காசியில் ஒரு பட்டம் அறுந்தாலே தெரு கூடிவிடும் என்பது உங்களுக்குத் தெரியும்.

கீழ்வீட்டு முசியே, நம்மூர்ப் பேச்சில் ஐயா, தொண்ணூறை நெருங்கும் பழைய பாராசூட் வீரர். அல்ஜீரியா பிரான்சின் காலனியாக இருந்தபோது, விடுதலை கேட்டவர்களை அடக்க அல்ஜியர்ஸ் நகரத்துக்குள் விட்ட பாராசூட் படை டிவிஷனில் இருந்தவர். அதைப் போர் என்றால் கோபித்துக்கொள்வார். 'சம்பவங்கள்' என்பார். வீடுவீடாகப் புகுந்து ஆட்களைத் தூக்கினீர்களே என்றால், கேள்வி கேட்டோம், அவ்வளவுதான் என்பார். மின்சாரத்தையும் தண்ணீர்த் தொட்டியையும் வைத்துக் கேட்ட கேள்விகள். மற்றபடி நல்ல மனிதர், நாங்கள் ஊரில் இல்லாதபோது எங்கள் தபாலை எடுத்து வைப்பார். அந்த டிவிஷனைக் கடைசியில் கலைக்கத்தான் செய்தார்கள். விசாரணைக்குப் போய்த் திரும்பாதவர்களுக்காக அல்ல. அதன் அதிகாரிகள் சிலர் சொந்த அரசாங்கத்தையே கவிழ்க்கப் பார்த்ததற்காக. பிடித்துக்கொண்டு போன ஜனங்களைப் பற்றி அரசாங்கம் அவ்வளவு அவசரப்படவில்லை.

என் மகள் கட்டிக்கொள்ளப் போகிற கரீமின் தாத்தா, அப்படிப் போய்த் திரும்பாதவர்.

இந்தச் சாரலுக்கு இருவரையும் குற்றாலம் கூட்டிவந்தேன். தாய்மாமன் தலையசைக்காமல் எங்கள் வீட்டில் தாலி ஏறாது. மகளின் தாய்மாமன், அதாவது என் மச்சான், ஓய்வுபெற்ற இன்ஸ்பெக்டர். மதத்தைச் சொல்லி மல்லுக்கு நிற்பார் என்று பயந்தேன். பையனின் பிரெஞ்சு பாஸ்போர்ட் அவரைப் பாதி சமாதானப்படுத்தியிருந்தது. ஐந்தருவியில் பெண்கள் பக்கம் மகள் போனபின், எண்ணெய் தேய்ப்பவரிடம் முதுகைக் கொடுத்துக்கொண்டே மச்சான் பையனின் தாத்தாவைப் பற்றி விசாரித்தார். நாட்டு விடுதலைக்காகப் பட்டாளத்தார் கையில் செத்தவர் என்றேன்.

"தியாகி குடும்பமா? அப்ப பொண்ணக் குடுக்கலாம் மாப்ள" என்றார்.

அந்தச் சந்தோஷத்தில் சர்வீஸ் பெருமையையும் எடுத்துவிட்டார்.

"எங்கிட்ட ஒரு பய வாயத் தொறக்காமப் போனதில்ல, கேட்டீரா. தண்ணித் தொட்டி ஒண்ணு போதும். இப்ப உள்ளவனுவ கேமராவுக்குப் பயப்படுதானுவ."

சொல்லிக்கொண்டே, ஒரு தலையைப் பிடித்து அமுக்குவதுபோல் கையால் காட்டினார்.

என்ன சொல்கிறார் என்று கரீம் பிரெஞ்சில் கேட்டான். குற்றாலத் தண்ணீரின் அருமையைச் சொல்கிறார் என்றேன். அவன் என்னைப் பார்க்கவில்லை, அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். தாத்தாவின் கதையைச் சொல்லும்போது அவன் அப்பாவும் கையால் இப்படித்தான் காட்டுவார். எனக்குக் கூசியது. உள்ளபடி சொன்னால் மாப்பிள்ளை போவான், மச்சானைக் கண்டித்தால் தாய்மாமன் போவார். மகளுக்கோ இருவரும் வேண்டும்.

அருவிக்கு அடியில் போனோம். புதியவர்கள் தயங்குவதும், ஊர்க்காரர்கள் அவர்களைப் பிடித்து உள்ளே தள்ளுவதும் அங்கே வழக்கம்தான். மச்சான் பாசத்தோடு கரீமின் பிடரியில் கைவைத்தார்.

"குனிங்க தம்பி, ஒண்ணுஞ் செய்யாது."

கரீமின் கழுத்து விறைத்தது. திரும்பி என்னைப் பார்த்து, இவர் என்ன சொல்கிறார் என்று மறுபடியும் பிரெஞ்சில் கேட்டான். அவன் என்ன சொல்லுதான் என்று மச்சானும் கேட்டார். இருவருக்கும் மொழிபெயர்க்க அங்கே இருந்த ஒரே ஆள் நான். நடுவில் நனைந்துகொண்டு நின்றேன், வாயைத் திறக்கவில்லை.